எட்டு வினாடிக்குள் வராத பஸ்

சென்ற மாதம் கழக்கூட்டத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து இரண்டு இளைஞர்கள் என்னைத் தேடி வந்தார்கள். அடுத்து என்ன பாட்டு கேட்க வேண்டும் என்று ஜனங்களின் கைபேசிக்குச் சொல்லிக்கொடுப்பது அவர்கள் தொழில். பக்கத்து வீட்டு ஸ்பீக்கர் இலவசமாகச் செய்துகொண்டிருந்த வேலை. இப்போது அதற்குக் கண்ணாடிக் கட்டடமும் கழுத்தில் தொங்கும் அட்டையும் வந்துவிட்டன.

"சாரே, ரேடியோல இத்தனை வருஷம் பாட்டு செலக்ட் செய்த ஆளல்லே. புதிய மியூசிக் கண்டுபிடிக்க அஞ்சு வழி, ஒரு சின்ன ஆர்ட்டிகிள் எழுதித் தந்தா மதி, அது போதும்."

"அது என்ன அஞ்சு?"

"ஆறு ஆனா ஆள்கள் வாசிக்காது சாரே."

என்னிடம் இருப்பது ஒரே ஒரு வழிதான், அதைக் கடைப்பிடித்ததற்காக நாற்காலியை இழந்தவன் நான் என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காப்பியைக் குடித்து, மிக்சரை மிச்சம் வைக்காமல் தின்று, போனவர்கள் போனவர்கள்தான். அதனால் அந்த ஒன்றை இங்கே எழுதுகிறேன். கேட்காதவர்களுக்குப் போட்டுக் காட்டுவதுதான் என் உத்தியோகமாக இருந்தது என்பதால் எனக்கு இதில் கூச்சம் கிடையாது.

போவதற்கு முன் தங்கள் இயந்திரத்தின் பெருமையையும் சொன்னார்கள். நீங்கள் விரும்பிக் கேட்டதை வைத்து, அதைப் போலவே இன்னொன்றை அது எடுத்துத் தருமாம். இட்லி பிடிக்கும் என்று ஒருவன் ஒரு தடவை வாய்தவறிச் சொல்லிவிட்டால், நாளைக்கு ரவா இட்லி, மறுநாள் காஞ்சிபுரம் இட்லி, அதற்கு மறுநாள் குட்டி இட்லி. அந்த மனிதன் ஆப்பத்தைக் கண்ணால் பார்க்காமலே செத்துப்போவான். இதற்குக் கண்டுபிடிப்பு என்று பெயர் வைத்தவர்களை நான் மன்னிப்பதாக இல்லை.

என் கல்வித் தகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது சுருக்கமானதுதான். தமிழ் எம்.ஏ. சில ஆண்டுகள் டுட்டோரியல் கல்லூரியில், பரீட்சையில் தோற்றவர்களை மறுபடியும் தோற்கப் பயிற்சி கொடுத்தேன். இந்த மலையாள நகரத்தில் தனியார் எஃப்.எம். நிலையம் ஒன்று தொடங்கியபோது, ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் தமிழுக்கு ஒதுக்கினார்கள். பாறசாலைப் பக்கத்துக் குடும்பங்கள், சாலை பஜார் வியாபாரிகள், கரமனை அக்கிரகாரம், மலை மேலே தேயிலைத் தோட்டம் என்று தமிழ்க் காதுகள் இங்கே நிறைய உண்டு, அந்தக் காதுகளுக்கு விளம்பரமும் விற்கலாம் என்பது கணக்கு. நேர்முகத்தில் "மியூசிக் தெரியுமோ?" என்று கேட்டார்கள். "தமிழ் தெரியும்" என்றேன். "தாராளம்" என்றார்கள்.

எனக்கு ராகம் தெரியாது. தொடையில் தாளம் போட்டால் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று என் மனைவி போய்த் திறந்து பார்ப்பாள். ஆனால் பொறுமை உண்டு. பழைய உரைகாரர்களைப் படித்தவனுக்கு, விஷயம் வரும் வரை காத்திருப்பது பெரிய காரியமில்லை. இந்தத் தொழிலுக்கு அது போதும் என்று இன்றும் சாதிப்பேன்.

நிலையத்தில் பாட்டுத் தேர்வுக்கு ஒரு முறை இருந்தது. அதை விவரமாகச் சொல்ல வேண்டும். வானொலியில் பாட்டை யாரோ ரசித்துப் போடுகிறார்கள் என்று இன்னும் நம்புகிற அப்பாவிகள் இருக்கிறார்கள்.

நேயர்களில் சம்மதித்தவர்களின் தொலைபேசி எண்கள் எங்களிடம் இருக்கும். சமையல் முடிந்து சாப்பாட்டுக்கு முன்னாலான நேரத்தில் அவர்களைக் கூப்பிடுவோம். ஒவ்வொரு பாட்டிலிருந்தும் எட்டு வினாடி மட்டும் கேட்கவிடுவோம். எந்த எட்டு வினாடி என்றால், பாட்டின் கொக்கி. அதாவது மனதில் மாட்டிக்கொள்ளும் இடம், பெரும்பாலும் பல்லவியின் முதல் வரி. அதன்பின் மூன்று கேள்விகள். இந்தப் பாட்டு தெரியுமா? பிடிக்குமா? அலுத்துவிட்டதா? தெரியும், பிடிக்கும், அலுக்கவில்லை என்றால் அந்தப் பாட்டு வாரம் முழுக்க ஓடும். தெரியாது என்றால் கதை அங்கேயே முடிந்தது. தெரியாத பாட்டு எப்படிப் பிடிக்கும்? பிடிக்காததை எப்படிப் போடுவது? போடாதது எப்படித் தெரியும்? இந்த வட்டத்துக்குள் நாங்கள் எல்லோரும் சம்பளம் வாங்கிக்கொண்டு சௌகரியமாகச் சுற்றினோம்.

ஒரு நாள் சும்மா இருக்கமாட்டாமல், எங்கள் வாட்ச்மேன் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவும்போது முனகியதைப் பதிவுசெய்து பட்டியலின் நடுவில் செருகிவிட்டேன். உலகில் அன்றுதான் பிறந்த பாட்டு. "பிடிக்கும், ஆனா அலுத்துப் போச்சு" என்று சொன்னார் ஒரு நேயர்.

எங்கள் நிகழ்ச்சித் தலைவி பிந்து மேடம். என்னைவிடப் பத்து வயது இளையவர், தொழிலில் என்னைவிட நூறு வயது மூத்தவர். சினிமா பார்த்துத் தமிழ் கற்றவர் என்பதால் சாதாரண விஷயத்தைக்கூடச் சற்று உச்சஸ்தாயியில் சொல்வார். புதுப் பாட்டு கேட்கும்போது கண்ணை மூடி வலதுகை ஆள்காட்டி விரலைத் தூக்கிக்கொள்வார். பாட்டு பிடியை விட்ட கணத்தில் விரல் மேஜையில் விழும். விழுந்தால் விழுந்ததுதான். ஆனால் "வேண்டாம்" என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டதேயில்லை. "நோக்காம் சாரே" என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். அவர் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை.

அவரை வில்லியாக்க எனக்கு விருப்பமில்லை. அவர் சொன்னதில் சரக்கு இருந்தது. "சாரே, ஒருத்தன் தம்பானூர் சிக்னல்ல நிக்கறான். விரல் ரேடியோ பட்டன் மேல இருக்கு. மோசமான பாட்டு வந்தா சகிச்சுப்பான். தெரியாத பாட்டு வந்தா உடனே ஸ்டேஷன் மாத்துவான். அவன் போனா விளம்பரம் போகும். விளம்பரம் போனா நானும் சாரும் எங்கே போகும்? சொல்லுங்க!" கடைசி வார்த்தைக்குக் கண்கூடக் கலங்கும். சினிமாத் தமிழின் பலன்.

இந்த நிலையில்தான் ஈஸ்வரி வந்தாள்.

பொன்முடி எஸ்டேட்டில், கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். கீழே விதுரையில் தங்கி, ஒரு கானமேளைக் குழுவில் ஏழெட்டு வருஷமாகப் பாடிக்கொண்டிருந்தாள். கோயில் உற்சவம், தேவாலயப் பெருநாள், ஓண விழா எதுவானாலும் இந்த ஊரில் கானமேளை இல்லாமல் நடக்காது. மேடையில் ஏறி, எல்லோருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டை, பாடியவரின் குரலிலேயே பாட வேண்டும். சொந்தமாக ஒரு கமகம் சேர்த்தால்கூடக் கூட்டம் ஊளையிட்டுக் கூவும். கூவுவது இங்கே ஒரு விமர்சன மரபு.

வரவேற்பறையில் பென் டிரைவைக் கையில் இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும்.

"சார், இது நான் எழுதி நானே ட்யூன் போட்டது. எங்க குழுவிலே ட்ரம்பெட் வாசிக்கிற சேட்டனும் கீபோர்டு பையனும் கூட வாசிச்சாங்க. ரேடியோல ஒரே ஒரு தடவை வந்தா மதி."

"ஒரு தடவை வந்து என்ன ஆகப்போகுது?"

"சசி அண்ணன் சொல்லிட்டாரு சார். குழு அவரோடதுல்லா. 'ரேடியோல வந்த பாட்டுன்னா மேடையில பாடு. அல்லாம சொந்தப் பாட்டு, மண்ணாங்கட்டின்னு எறங்கினா கல்லு எனக்கும் சேர்த்து விழும். அப்படி ஆசையிருந்தா வேற குழு பாத்துக்கோ'ன்னுட்டாரு. ஓணத்துக்கு முன்னாடி தெரிஞ்சாகணும். மத்தவங்க தொண்டையில பாடிப் பாடி என் தொண்டை எப்படியிருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு சார்."

கடைசி வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ரேடியோவில் வராத பாட்டுக்கு மேடை இல்லை. மேடையிலும் கேட்காத பாட்டுக்கு ரேடியோ இல்லை. எங்கள் வட்டத்துக்கு வெளியே, அதே அளவில் இன்னொரு வட்டம்.

பாட்டைக் கேட்டேன். மலையிலிருந்து இறங்குகிற பஸ்ஸுக்காகக் கீழே சிலர் காத்து நிற்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். "வளைவுக்கு வளைவு ஹாரன் கேக்குது, வண்டிய மட்டும் காணோமே" என்று தொடங்குகிறது. ஒவ்வொரு சரணத்துக்கும் ஒரு கொண்டை ஊசி வளைவு. ட்ரம்பெட் ஹாரனாக ஊதுகிறது, முதலில் தூரத்தில், பிறகு கொஞ்சம் பக்கத்தில். நிற்பவர்களில் ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவள், ஒருவன் ராஜினாமா செய்துவிட்டு ஊருக்குப் போகிறவன். பாதித் தமிழ், கால் மலையாளம், மீதி மூச்சு. கடைசி வளைவில் பஸ் வருகிறது. அப்போதுதான் பல்லவி! நாலு நிமிஷம் அடக்கி வைத்திருந்த குரல் அங்கே கதவைத் திறக்கிறது. பல்லவி கடைசியில் வருகிற பாட்டை நான் அதுவரை கேட்டதில்லை. தாளம் தெரியாத என் கை மேஜையை விட்டு எழுந்து அப்படியே நின்றது.

சோதனைக்கு அனுப்பினோம். பாட்டின் கொக்கியை வெட்டியெடுக்கிற பெண்ணுக்குப் பல்லவி எங்கே என்று புரியவில்லை. கடைசியில் இருப்பதை எடுத்தால் கூச்சல் போல் இருக்கிறது என்று, ஹாரன் வருகிற எட்டு வினாடியை வெட்டிவிட்டாள். அன்று வந்த பதில்கள்:

"நீங்க ரோட்டுல நின்னுகிட்டா பேசுறீங்க?"

"லைன் சரியில்ல, பிறகு விளிங்க."

"எந்தா மோளே, ஆக்சிடெண்டா?"

தெரியுமா என்ற கேள்விக்கு ஒருவர்கூடத் தெரியும் என்று சொல்லவில்லை. பாட்டு என்றே தெரியவில்லை, பாவம். பிந்து மேடம் முடிவைப் பார்த்து, "நோக்காம் சாரே" என்றார்.

மறுநாள், நேயர்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும் பெண்களைச் சாயா குடிக்க அனுப்பிவிட்டு, நேயர் பட்டியலோடு நானே தொலைபேசி முன் உட்கார்ந்தேன். எட்டு வினாடி இல்லை, முழுப் பாட்டு. விதிமுறைப்படி இது குற்றம்.

பாறசாலைக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், பாதியில் இடைமறித்தார். "இது தமிழா, மலையாளமா? ரெண்டும் கெட்டானா இருக்கே!"

"நாமளும் அப்படித்தானே சார் பேசிட்டு இருக்கோம்?"

"அது வீட்டுக்குள்ள. ரேடியோல வரலாமா?" என்றார். ஆனால் போனை வைக்கவில்லை.

சாலை பஜார் மளிகைக்காரர், போனை மூட்டை மேல் வைத்துவிட்டு யாருக்கோ துவரம்பருப்பு நிறுத்துப் போட்டார். திரும்ப எடுத்து, "ஓய், எந்த வளைவு இப்போ?" என்றார்.

மூன்று பேர் வைத்துவிட்டார்கள். ஒருவர் என் குடும்பத்தைப் பற்றிச் சில கருத்துகள் சொல்லிவிட்டு வைத்தார். கரமனையில் ஒரு மாமி, அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டார். நடுவில் அவரால் தாங்கமுடியவில்லை.

"ஏன் சார், இந்த பஸ் வரவே மாட்டேங்கறதே! அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போணுமோன்னோ? வந்துதா இல்லையா, அதைச் சொல்லுங்கோ மொதல்ல!"

"கேளுங்கோ மாமி."

"கேட்டுண்டுதானே இருக்கேன்! நீங்க நடுவில பேசாதேங்கோ!"

பல்லவி வந்து பாட்டு முடிந்தது. பிறகு மூன்று கேள்விகளைக் கேட்டேன். இந்தப் பாட்டு தெரியுமா?

"இப்பதான் தெரியுமே" என்றார் மாமி.

வானொலியில் இருந்த வருஷங்களில் எனக்குக் கிடைத்த ஒரே ஞானோபதேசம் அது. ஒரு பாட்டைத் தெரிந்த பாட்டாக்க, முழுக்கப் போட்டுக் காட்டுவதைத் தவிர உலகில் வேறு வழி இல்லை. அதை எட்டு வினாடியில் செய்ய முடியாது. பிடித்த இன்னொன்றின் நிழலிலும் செய்ய முடியாது. யாராவது ஒருவன் திட்டு வாங்கத் தயாராகி, கேட்காதவன் முன்னால் அதைக் கடைசிவரை ஓடவிட வேண்டும். கழக்கூட்டத்துப் பிள்ளைகள் காப்பியோடு விட்டுப்போன அந்த ஒரு வழி இதுதான்.

மேடத்திடம் போனேன். "கேட்டு முடித்த அத்தனை பேரும் தெரியும் என்கிறார்கள்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "சாரே, இது கள்ளக் கணக்கு அல்லே?"

"எட்டு வினாடிதான் மேடம் கள்ளக் கணக்கு."

சிரிப்பு நின்றது. "பிடிக்குமான்னு கேட்டதுக்கு?"

பொய் சொல்லவில்லை. பாதிப் பேர் பிடிக்கும் என்றார்கள், மீதிப் பேர் இன்னொரு தடவை கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். எங்கள் முறையில் இரண்டாவது பதிலுக்கு இடமே கிடையாது.

"நோக்காம்" என்றார்.

நான் அதற்குக் காத்திராமல் ஈஸ்வரியைக் கூப்பிட்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்று சொல்லிவிட்டேன். லயத்தில் எங்கள் அலைவரிசை எடுக்காது. அவள் அப்பாவும் அம்மாவும் அக்கம்பக்கத்தாரும், சிக்னல் கிடைக்கிற ஒரு வளைவு வரை நடந்து இறங்கி, ஒரு கைபேசியைச் சுற்றி நின்று கேட்டார்களாம். நான் ஸ்டுடியோவில் பொத்தானை அழுத்திவிட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவை யாரும் தட்டவில்லை. அதுவே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

திங்கட்கிழமை மேடம் கூப்பிட்டார். அறையில் எங்கள் இருவரைத் தவிர, மும்பையிலிருந்து வந்த மேலதிகாரி ஒருவர் கணினியில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். மேடம் அவருக்குப் புரியாத தமிழில், அவசரமாக, தாழ்ந்த குரலில் பேசினார். உச்சஸ்தாயி இல்லாமல் அவர் தமிழ் பேசி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"சாரே, கை தவறி வேற பட்டன் அமுக்கிட்டீங்க. அப்படித்தானே? அப்படின்னு சொல்லுங்க. இதோட முடிஞ்சுரும்."

எனக்காகத்தான் சொன்னார். அதில் சந்தேகமில்லை. அந்த மூன்று நான்கு மூச்சுக்குள், வீட்டுக் கடன், பெண்ணின் கல்லூரி, என் வயதில் தமிழ் எம்.ஏ.வுக்கு இந்த நகரத்தில் இருக்கும் கிராக்கி எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கை தவறியது என்று சொன்னால், அந்தப் பாட்டு ஒரு தவறாகப் பதிவாகும். சசி அண்ணன் காதுக்கு அது போவதற்கு ஒரு மணி நேரம் ஆகாது. கானமேளைக்காரர்கள் பாதிப் பேர் எங்கள் விளம்பரப் பிரிவில் சாயா குடிப்பவர்கள்.

"கை தவறலை மேடம். சரியான பட்டனைத்தான் அமுக்கினேன். இன்னொரு தடவையும் அமுக்குவேன்."

இரண்டாவது வாக்கியம் தேவையில்லாதது என்று வீட்டில் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் முதல் வாக்கியம் எதற்கு?

தமிழ் மணி நேரத்தை ஒரு மென்பொருளிடம் கொடுத்தார்கள். என்னை விளம்பர அட்டவணைக்கு மாற்றினார்கள். நகைக்கடைக்குப் பின் ஃபிளாட், ஃபிளாட்டுக்குப் பின் நகைக்கடை என்று அடுக்கி, ஐம்பத்திரண்டு வயதில், விருப்ப ஓய்வு என்று அவர்கள் பெயர் வைத்த ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். விருப்பம் யாருடையது என்று அதில் குறிப்பிடவில்லை.

பாட்டு ஒலிபரப்பான ஆண்டின் ஓண வாரத்தில், ஈஸ்வரி பாடுவதைக் கேட்கப் பொன்முடி அடிவாரத்துக் கல்லாற்றுக்குப் போனேன். ஆற்றோரக் கடைக்காரர்கள் சேர்ந்து நடத்துகிற விழா. மேலே போகும் கடைசி பஸ்ஸுக்குத் தோட்டத்து ஆட்கள் கிளம்பியாக வேண்டும் என்பதால், மூன்று மணிக்கே கானமேளை. சசி அண்ணனை அன்றுதான் பார்த்தேன். தங்கச் சங்கிலி, பட்டு வேட்டி, முகத்தில் வரவு செலவு. மேடைக்குப் பின்னால் ஈஸ்வரியோடு தர்க்கித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவை வந்ததெல்லாம் வந்ததாகுமோ, பெண்ணே? வந்ததை ஆரு கேட்டு?"

"தடவை எத்தனைன்னு நீங்க சொல்லலியே அண்ணா. வந்தா பாடுன்னீங்க. வந்துட்டு. வாக்கு வாக்குதானே?"

"கூவினா நான் டிராக்கை நிறுத்தி அடுத்த பாட்டு போட்டுடுவேன். பின்னே இந்தப் பேச்சு உன் வாயில வரக்கூடாது. கேட்டோ?"

"சரி" என்றாள்.

நாலு சினிமாப் பாட்டு முடிந்து, கூட்டம் நன்றாகச் சூடேறியிருந்த நேரத்தில் அவள் மைக்கைப் பிடித்தாள். முதல் இரண்டு வரிகள் போயிருக்கும். பின்னாலிருந்து ஒரு கூவல். அடுத்து நாலைந்து. "டேய், அடிபொளி படப் பாட்டு ஒண்ணு போடு!" சசி அண்ணனின் கை ஒலிப் பெட்டியை நோக்கிப் போனது.

ஈஸ்வரி கையை உயர்த்தித் தானே பாட்டை நிறுத்தினாள்.

"அண்ணன்மாரே, இது உங்களுக்குத் தெரியாத பாட்டுதான். எனக்குத் தெரியும். நாலு நிமிஷம் தாங்க. பிடிக்கலைன்னா பின்ன கூவுங்க, நானும் சேர்ந்து கூவுறேன். எனக்கு மைக் இருக்கு, உங்களைவிட நல்லா கேக்கும்."

கொஞ்சம் பேர் சிரித்தார்கள். ட்ரம்பெட்காரர் மறுபடி முதல் வளைவிலிருந்து ஊதினார். தோட்டத்து ஆட்கள் நாலைந்து பேர் பழக்க தோஷத்தில் பையைத் தூக்கிக்கொண்டு சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்து, பிறகு வெட்கப்பட்டு உட்கார்ந்தார்கள். இரண்டாம் வளைவில் கூவல் ஒன்று கிளம்பிப் பாதியில் நின்றது. மூன்றாவதில் சசி அண்ணனின் கை ஒலிப் பெட்டி மேலேயே இருந்தது, ஆனால் தலை மேடைப் பக்கம் சாய்ந்திருந்தது.

என் பக்கத்தில் ஒரு ஜீப் டிரைவர். முழங்கையால் என்னை இடித்தார்.

"சேட்டா, இது ஏது படத்தில பாட்டு?"

"படத்துல இல்ல."

"பின்னே, ஆல்பமா?"

"அதுவும் இல்ல."

"பின்னே இது எப்படி ஹிட்டாச்சு?"

"இன்னும் ஆகலை," என்றேன். "பேசாம இரிங்க. பஸ் வருது."